நின்றபடி ஓட்டும் தூக்குவண்டி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழும் உங்களுக்கு ஜவ்வரிசி மூட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று மரவள்ளிக் கிழங்கு விளையும் ஊர்ப்பக்கங்களில் எல்லாம் ஆலைகள் இருக்கின்றன. அங்கே கிழங்கை அரைத்து, மாவை உருட்டி, வறுத்து, காயவைத்துச் சாக்கில் கட்டுகிறார்கள். 1981-ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்குகளுக்கு அவற்றில் பல வந்து சேர்கின்றன. இந்தத் தொழிலில் ஒரு மூட்டை என்றால் 90 கிலோ என்பது நெடுநாளைய வழக்கம்.

இந்த 90 கிலோவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகத் தூக்கிச் சுமக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரை செய்தது. நம் ஊர் லோடுமேன் ஒருவர் முதுகில் ஏற்றிக்கொள்வது அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். நாள் முழுவதும், லாரிக்கும் கிடங்குக்கும் இடையே, சாய்வாகப் போட்ட பலகைமேல் அவர் நடக்கிறார். நாற்பது வயதுக்குள் இடுப்பும் முழங்காலும் தேய்ந்துபோவதில் வியப்பென்ன?

இந்த முதுகுகளுக்கு விடுதலை தர வந்த இயந்திரம்தான் ஃபோர்க்லிஃப்ட். முன்புறம் இரண்டு இரும்புக் கரங்கள் நீண்டிருக்கும். அவற்றைப் ‘பேலட்’ என்னும் மரத்தட்டுக்கு அடியில் நுழைத்து, தட்டோடு சுமையைத் தூக்கிவிடும். 1917-இல் அமெரிக்காவின் கிளார்க் கம்பெனி தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை நகர்த்தச் செய்த ஒரு வண்டியைத்தான் இதன் மூதாதை என்பார்கள். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1960-களிலேயே இவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டது.

உட்கார்ந்து ஓட்டும் வகையை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அது ஒரு பெரிய உருப்படி. இரண்டு அடுக்கு வரிசைகளுக்கு நடுவே திரும்ப அதற்கு ஏறக்குறைய 12 அடி அகலம் வேண்டும். இடம் குறுகிய கிடங்குகளிலும், ஒவ்வொரு அடியும் காசாகிற குளிர்பதன அறைகளிலும் அவ்வளவு வழியை யார் விடுவார்கள்? அதனால் ஓட்டுநர் நின்றபடி ஓட்டும் குட்டையான வண்டி வந்தது. உட்காரும் இடமும் கால் நீட்டும் இடமும் மிச்சம். நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குவதும் சுலபம். பெரும்பாலும் மின்கலத்தில் ஓடுவதால் புகையும் கிடையாது.

ஆனால் இந்த வண்டி ஒரு தராசைப்போல. தராசில் ஒரு பக்கம் சரிந்தால் சரக்குத்தான் கொட்டும். இங்கே சரிந்தால் ஓட்டுநரின் உயிர் போகலாம். ஆகவே இதை ஓட்டுவதற்கான விதிகள் ஏன் அப்படி அமைந்தன என்று பார்ப்போம். உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் திருப்புத்திறனும் ஈர்ப்பு மையமும் தெரிந்தால் போதும், எல்லா விதிகளையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தராசின் இரு பக்கம்

கடப்பாரையால் பாறையைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கடப்பாரைக்கு ஒரு தாங்குபுள்ளி உண்டு. தூக்குவண்டிக்கு முன்சக்கரங்களின் அச்சே தாங்குபுள்ளி. அதற்கு முன்னால் சுமை. பின்னால் வண்டியின் சொந்த எடை. எடையை, தாங்குபுள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். பின்பக்கத் திருப்புத்திறன் பெரியதாக இருக்கும்வரை வண்டி நிற்கும். முன்பக்கம் பெரியதானால் வண்டி மூக்கைத் தரையில் குத்திக்கொள்ளும்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை 2,600 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முன்னச்சுக்கு 0.75 மீட்டர் பின்னால் இருக்கிறது. பின்பக்கத் திருப்புத்திறன் 2,600 × 0.75 = 1,950 அலகு. கரங்கள் தொடங்கும் இடம் முன்னச்சுக்கு 0.40 மீட்டர் முன்னால் என்று கொள்க.

இப்போது 16 ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றுவோம். மொத்தம் 1,440 கிலோ. ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டில் வரிசைக்கு இரண்டாக எட்டு வரிசை அடுக்கினால் சுமையின் மையம் கரத்தின் அடியிலிருந்து அரை மீட்டரில் இருக்கும். அதாவது அச்சிலிருந்து 0.90 மீட்டர். 1,440 × 0.90 = 1,296. வண்டி தாங்கிவிடும்.

எட்டு வரிசை உயரமாக இருக்கிறதே, சரிந்துவிடுமோ என்று பயந்து ஒருவர் இரண்டு மீட்டர் நீளத் தட்டைக் கொண்டுவருகிறார். வரிசைக்கு நான்காக, நான்கே வரிசை. பார்ப்பதற்குத் தாழ்வாக, பத்திரமாகத் தெரிகிறது. ஆனால் சுமையின் மையம் இப்போது கரத்தின் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குப் போய்விட்டது, அச்சிலிருந்து 1.40 மீட்டர். 1,440 × 1.40 = 2,016. இது 1,950-ஐ விட அதிகம்! அதே 16 மூட்டை, அதே எடை; ஆனால் வண்டி குப்புறக் கவிழும்.

‘இந்த வண்டி எத்தனை டன் தூக்கும்?’ என்று கேட்பது அரைக் கேள்விதான். எத்தனை டன், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்துக்கு என்று கேட்க வேண்டும். வண்டியில் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். அதில் இந்த மூன்றும் பொறித்திருக்கும். நம் நாட்டில் பல வண்டிகளில் அந்தத் தகட்டின்மேல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

முழுதாகக் கவிழாவிட்டாலும் தொல்லை உண்டு. இந்த வண்டிகள் பின்சக்கரத்தால் திரும்புபவை. முன்பக்கம் கனம் ஏற ஏறப் பின்சக்கரம் தரையை அழுத்துவது குறையும். பிடியில்லாத சக்கரம் திரும்பினாலும் வண்டி திரும்பாது. திருப்பும் கைப்பிடி திடீரென்று ‘லேசாக’ இருக்கிறதே என்று தோன்றினால், அது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை.

கண்ணுக்குத் தெரியாத முக்கோணம்

வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும் அது மூன்று காலில் நிற்கிறது என்றால் நம்புவீர்களா? மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரமும் தரையில் படவேண்டும் என்பதற்காகப் பின்னச்சை அதன் நடுவே ஒரே ஓர் ஆணியில் கோத்திருப்பார்கள். ஆகவே வண்டியைத் தாங்கும் புள்ளிகள் மூன்று: இரு முன்சக்கரங்கள், பின்னச்சின் நடுப்புள்ளி. நின்று ஓட்டும் வகைகளில் பின்சக்கர அமைப்பு சற்று வேறுபடலாம். ஆனாலும் ஏறத்தாழ ஒரு முக்கோணமே கிடைக்கும். வண்டியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையத்திலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டதாக எண்ணுங்கள். குண்டு முக்கோணத்துக்குள் விழுந்தால் வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் சாயும்.

உங்கள் பரீட்சை அட்டையைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். அட்டையின் ஒரு விளிம்பின் இரு மூலைகளுக்கு அடியில் இரண்டு சீசா மூடிகளை வையுங்கள். எதிர் விளிம்பின் நடுவே அடியில் மூன்றாவது மூடியை வையுங்கள். ஒரு பூட்டை எடுத்து முன்மூலையில் வைத்தால் அட்டை அசையாது. அதே பூட்டைப் பின்மூலைக்குக் கொண்டுபோங்கள். அட்டை சட்டென்று சாயும். பின்பக்கம் முக்கோணம் குறுகிக்கொண்டே போவதுதான் காரணம்.

இதிலிருந்து ஒரு விந்தையான செய்தி கிடைக்கிறது. சுமையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு போகும் வண்டியைவிட, காலி வண்டி பக்கவாட்டில் எளிதாகக் கவிழும்! சுமை இருக்கும்போது பொது ஈர்ப்பு மையம் முன்னே, முக்கோணத்தின் அகன்ற பகுதிக்கு வந்துவிடுகிறது. காலியாக இருக்கும்போது அது பின்னே, குறுகிய பகுதிக்குப் போய்விடுகிறது. நம் வண்டியில் முன்சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர், முன்பின் தாங்குபுள்ளிகளுக்கு இடையே 125 சென்டிமீட்டர் என்று கொண்டால், காலி வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கும் முக்கோணத்தின் பக்கத்துக்கும் இடையே இருக்கும் தூரம் வெறும் 18 சென்டிமீட்டர். 16 மூட்டையோடு அதுவே ஏறக்குறைய 39 சென்டிமீட்டர். ‘சும்மா காலி வண்டிதானே’ என்று விரட்டித் திருப்புகிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

திருப்பத்தில் வேகம் என்ன செய்கிறது என்றும் பார்த்துவிடுவோம். வைக்கோல் ஏற்றிய லாரி வளைவில் வெளிப்பக்கம் சாய்வதைக் கண்டிருப்பீர்கள். சாய்க்கும் விளைவு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. நம் காலி வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 18-ஐ 60-ஆல் வகுத்தால் 0.3. அதாவது, பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கை எட்டினால் வண்டி கவிழும். இரண்டு மீட்டர் ஆரத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் அந்தப் பங்கு 0.1 தான். பயமில்லை. 10 கிலோமீட்டரில் திரும்பினால்? இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு விளைவு: 0.4. வண்டி விழுந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் என்பது நீங்கள் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம்தான் என்பதை மறக்காதீர்கள்.

கரங்களை உயர்த்திக்கொண்டே ஓட்டினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். கீழ்எண் 60 என்பது 120 ஆகும். தாங்கும் பங்கு பாதியாகும். அதனால்தான் ஓடும்போது கரங்கள் தரையிலிருந்து நாலைந்து விரற்கடைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி.

தரையில் ஒரு சின்னக் குழியும் இப்படித்தான் பெரிதாகிறது. ஒரு முன்சக்கரம் 2 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால், நாலரை மீட்டர் உயரத்தில் இருக்கும் சுமை 10 சென்டிமீட்டர் பக்கத்தில் நகர்ந்துவிடும். மேலே தூக்கிய நிலையில் தூணை முன்பக்கம் மூன்றே பாகை சாய்த்தால் சுமை 24 சென்டிமீட்டர் முன்னே போகும். நல்ல ஓட்டுநர் வேலை தொடங்குமுன் பிரேக், ஹாரன், சங்கிலி, எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்துவிட்டுத் தரையையும் ஒருமுறை நடந்து பார்ப்பார். குளிர்பதன அறை வாசலில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து தரை வழுக்கும். முட்டைப் பெட்டிகளைக் கையாளுவோர் இதை நன்கு அறிவர்.

காலை எடுத்தால் பிரேக்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரி ஓட்டத் தெரிந்தவர் இல்லாத தெரு அபூர்வம். லாரி தெரிந்தவருக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பழக்கமே இங்கே ஆபத்து.

லாரியில் ஆபத்து வந்தால் கால் தானாகப் பெடலை மிதிக்கும். நின்று ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இது தலைகீழ். ஒரு பெடலை மிதித்துக்கொண்டிருந்தால்தான் வண்டி ஓடும். காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும், இறங்கிப் போனாலும் வண்டி நிற்கவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அவசரத்தில் மிதிக்கப் பழகிய கால், இங்கே மேலும் அழுத்தி மிதிக்கும், வண்டி நிற்காது. பத்து வருடம் லாரி ஓட்டியவருக்கும் இங்கே புதிய பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் அந்தந்த வண்டி வகையில், அந்தந்த வேலையிடத்தில் பயிற்சி தந்து சோதிக்க வேண்டும் என்ற விதியை 1998 டிசம்பரில் வெளியிட்டார்கள். 18 வயது நிரம்பாதவர் அங்கே வேலைக்காக இதை ஓட்டுவதே சட்டப்படி குற்றம்.

இன்னொரு வேறுபாடு, நிற்கும் விதம். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் முன்னே பார்த்து நிற்பவர் தடுமாறுகிறார். பக்கவாட்டில் திரும்பி, காலை அகட்டி நிற்பவர் சமாளித்துக்கொள்கிறார். நிலைமம் செய்யும் வேலை அது. பல தூக்குவண்டிகளில் ஓட்டுநர் இப்படிப் பக்கவாட்டில்தான் நிற்கிறார். கழுத்தைச் சற்றே திருப்பினால் முன்னும் தெரியும், பின்னும் தெரியும். சுமை பார்வையை மறைத்தால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிச் செல்லவும் இது வசதி. சரிவில் மட்டும், சுமை இருந்தால், அது எப்போதும் மேட்டுப்பக்கமே இருக்கவேண்டும்.

ஆனால் நிற்கிறவருக்கு ஒரு சபலம் உண்டு. ஒரு காலைச் சற்றே வெளியே நீட்டி ஓய்வு கொடுப்பது! பின்சக்கரத்தால் திரும்பும் வண்டியில் முன்பக்கம் வலப்புறம் திரும்பினால் பின்பக்கம் இடப்புறம் வீசும். ஓட்டுநர் நிற்பது பின்பக்கத்தில். வெளியே நீண்ட கால், அடுக்குத் தூணுக்கும் இரண்டரை டன் இரும்புக்கும் நடுவே அகப்பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டாம். நின்று ஓட்டும் வண்டிகளில் நேரும் மோசமான காயங்களில் இது பேர்போனது. பின்னோக்கி வரும்போது அடுக்கின் குறுக்குச் சட்டம் தலைக்கூரைக்குக் கீழே நுழைந்து ஓட்டுநரின் மார்பில் மோதுவதும் உண்டு. அதைத் தடுக்க, வண்டியின் பின்பக்கம் கூடுதல் கம்பங்கள் வைக்கிறார்கள்.

குதிப்பதா, பிடித்துக்கொள்வதா?

எல்லாம் மீறி வண்டி கவிழத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் என்ன செய்யவேண்டும்? இங்கேதான் இரண்டு வகை வண்டிகளுக்கும் நேர் எதிரான விதிகள் இருக்கின்றன.

உட்கார்ந்து ஓட்டும் வண்டியில்: குதிக்காதே. பெல்ட் போட்டிரு. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஓட்டுநர் தலைக்குமேல் உள்ள இரும்புக்கூரை ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு மீட்டரிலிருந்து விடப்பட்ட கல் 0.64 விநாடியில் தரையைத் தொடும். கவிழ்வது தொடக்கத்தில் சற்று மெதுவாக இருந்தாலும், ‘விழுகிறோம்’ என்று புரியவே அரை விநாடி போய்விடும். மீதி நேரத்தில் இருக்கையிலிருந்து எழுந்து குதிப்பவர், வண்டி சாயும் பக்கமே போய் விழுவார். சரியாக அந்த இடத்தில்தான் கூரையின் விளிம்பு வந்து இறங்கும். கவிழ்ந்த வண்டிகளில் உயிரிழந்தோர் பலர் இப்படிக் குதித்தவர்களே.

பின்புறம் திறந்த, நின்று ஓட்டும் வண்டியில் விதி வேறு: பின்னோக்கி இறங்கி விலகு. அங்கே இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தாலும் உடல் வெளியே வீசப்பட்டுக் கூரைக்கு அடியில் சிக்கலாம். ஆனால் வாசல் பின்னால் இருக்கிறது. வண்டி இடமோ வலமோ விழும். அல்லது முன்னே குப்புற விழும். இவர் விலகும் திசை பின்பக்கம். வண்டி விழும் பாதையில் அவர் குறுக்கிடுவதே இல்லை. எழுந்திருக்கவும் வேண்டியதில்லை, ஏற்கெனவே நிற்கிறார். ஓர் எட்டுப் போதும்.

ஒரே பௌதிகம், இரண்டு எதிரெதிர் விதிகள்! ஒரு வகையில் பழகியவர் மற்ற வகைக்கு மாறும்போது இதைத்தான் முதலில் மாற்றிப் பயிலவேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில் அந்த மாடலுக்கு உரிய விதி இருக்கும், அதுவே முடிவானது.

இன்னொரு கணக்கு

மின்கலத்தில் ஓடும் தூக்குவண்டிகளில், மின்கலத்தின் எடையே எதிர்எடையில் ஒரு பங்கு. பழைய ஈய-அமில மின்கலம் மிகக் கனமானது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அந்த அறையில் காற்றோட்டம் வேண்டும், பீடிக்கு இடமில்லை. இப்போது பலர் லித்தியம் மின்கலத்துக்கு மாறுகிறார்கள். அது எடை குறைவு. பெரும்பாலான வண்டிகளுக்கு எடை குறைவது லாபம். இந்த வண்டிக்கோ அது ஆபத்து. குறைந்த எடைக்கு ஈடாக இரும்புப் பாளம் வைக்கவேண்டும். மின்கலத்தின் எடை எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்றும் தகட்டில் எழுதியிருப்பார்கள்.

நம் வண்டியில் முன்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 800 கிலோ ஈய மின்கலம் இருந்தது என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 450 கிலோ லித்தியம் மின்கலத்தைப் பொருத்தினார்கள். பாளம் எதுவும் வைக்கவில்லை. பின்பக்கத் திருப்புத்திறன் இப்போது எவ்வளவு? இரண்டு மீட்டர் நீளத் தட்டில், முழு வரிசைகளாக, எத்தனை மூட்டை வரை ஏற்றலாம்? அத்தனையும் ஏற்றிய பிறகு ஓட்டுநர் தூணைச் சற்றே முன்னால் சாய்க்க, சுமை 10 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தால் வண்டி நிற்குமா? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.